சிரிக்கக் கூடாத கண்

நான் கவலைப்படாத விஷயம் என்று ஒன்று இருந்ததில்லை. மழை பெய்தால் மண் சரியும் என்று பயப்படுவேன். பெய்யாவிட்டால் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து குறைந்து, சம்பளம் குறைந்து, தீபாவளிக்குச் சேலை எடுக்க ஆள் வராது என்று பயப்படுவேன். அட்டன் கடைவீதியில் எங்கள் புடவைக்கடையைப் பூட்டிய பிறகு, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். "விடுடா, பூட்டு கையோட வந்துரப் போகுது" என்பார் அப்பா. இத்தனை கவலைக்கும் நடுவில் என் வலது கண்ணைப் பற்றி மட்டும் நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

இடது கண் எனக்குப் பிறவியிலேயே மங்கல். வெளிச்சமா இருட்டா என்று சொல்லும், அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்க முடியாது. வலது கண்ணுக்கும் தூரத்துப் பொருள் தெரியாது. வாத்தியார் கரும்பலகையில் எழுதியதெல்லாம் எனக்கு வெள்ளைத் தூசியாகத்தான் தெரிந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் அடி வாங்கி அடி வாங்கி, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் கண்டிக்குக் கூட்டிப் போய்க் கண்ணாடி போட்டுவிட்டார்கள். சோடாப் போத்தல் மாதிரிக் கனமான கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டால் துணியில் ஓர் இழை விட்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு கண்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எனக்குக் கல்யாணமான வருஷம் அது. பெண், வட்டகொடை ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருந்தவரின் மகள். எங்கள் வீட்டில் புது மருமகள் பெரியவர்கள் முன்னால் புருஷனோடு பேசக் கூடாது. தெருவில் போனால் நாலு அடி பின்னால்தான் வர வேண்டும். கடைக்குப் பின்கட்டில்தான் வீடு என்பதால், அப்பாவோ அம்மாவோ எப்போதும் பக்கத்தில் இருப்பார்கள். அதனால் கல்யாணமாகிச் சில மாதங்கள் ஆன பிறகும் அவளுடைய வளையல் சத்தமும், ஒரு தடவை தும்மிய சத்தமும்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.

ஒரு நாள் கெஜக்கோலை வைத்துத் துணி அளந்துகொண்டிருந்தேன். கண்ணோரத்தில் பளிச்சென்று ஒரு மின்னல். இடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுபடியும் மின்னியது. அதன் பிறகு கண் முன்னால் கொசு பறக்க ஆரம்பித்தது. குளிரில் ஏது இவ்வளவு கொசு என்று துண்டால் விசிறி விசிறி விரட்டினேன். "யாருக்குடா சாமரம் வீசுற?" என்று அப்பா கேட்டார்.

பிறகுதான் பனி வந்தது.

மலைநாட்டில் புடவைக்கடை வைத்திருப்பவர்களுக்கு மூடுபனிதான் எதிரி. பள்ளத்திலிருந்து கிளம்பி, ரோட்டைத் தாண்டி, கேட்காமல் கொள்ளாமல் கடைக்குள் வந்துவிடும். வெள்ளைத் துணியில் ஈரம் இறங்கினால் கரும்புள்ளி விழும். அதனால் பனி ஏறுகிறது என்றால் உடனே கடை வாசலை அடைக்கும் பலகைகளைப் போட்டுவிடுவோம். இந்தப் பனியைக் காவல் பார்க்கும் வேலையை அப்பா என்னிடம்தான் விட்டிருந்தார். கவலைப்படத் தெரிந்தவனுக்கு ஏற்ற வேலை. நான் "பனி ஏறுது" என்று சொன்னால் அவர் வெளியே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார், பலகையைத் தூக்குவார்.

அன்று கீழேயிருந்து சாம்பல் நிறத்தில் ஏறி வந்தது. கீழ்த் தட்டில் இருந்த கம்பளிக் கட்டுகள் மறைந்தன. நடுத் தட்டுச் சீத்தைத் துணிகளும் பாதி முழுகிவிட்டன.

"அப்பா, பனி ஏறுது! உள்ளுக்கே வந்துருச்சு, பலகையப் போடுங்க!"

அப்பா பாதிக் கடையை அடைத்துவிட்டார். சேலை விலை பேசிக்கொண்டிருந்த தோட்டத்து அம்மா ஒருவர்தான் சத்தம் போட்டார்.

"என்னங்க மொதலாளி, ஏவாரம் பேசிக்கிட்டு இருக்கையில கடையச் சாத்துறீங்க? வெளிய வெயிலு மண்டையப் பொளக்குது!"

அப்பா பலகையைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே பார்த்தார். என்னைப் பார்த்தார். "எங்கடா பனி?"

"இந்தா, தெரியலியா? கம்பளிக் கட்டே மறைஞ்சு போச்சே!"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், பின்கட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

"மாமா, பனி இல்ல. அவங்க கண்ணுலதான் என்னமோ. ரெண்டு நாளா தண்ணிச் செம்பு இருக்குற எடம் தெரியாமத் தட்டித் தட்டி விடுறாங்க."

எங்கள் வீட்டில் அவள் எல்லாருக்கும் கேட்கப் பேசிய முதல் பேச்சு அதுதான். அம்மா வாயில் கை வைத்தார். நான் தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன். பனி, காற்றில் அசையும் திரை மாதிரி என்னோடு சேர்ந்து அசைந்தது. கையால் கண்ணைப் பொத்தினேன். பொத்திய இருட்டுக்குள்ளும் மின்னியது. அதுவரை கவலைப்பட்டதெல்லாம் வெறும் பழக்கம் என்று அப்போதுதான் புரிந்தது.

டிக்கோயா ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு உடனே கொழும்புக்குப் போகச் சொன்னார். படுத்தபடியே போக வேண்டும், தலை குலுங்கக் கூடாது. யார் கூடப் போவது? அப்பாவுக்குக் கடை. அம்மாவுக்கு ரயில் கோச்சியில் ஏறினாலே, அந்த மலை வளைவுகளில் குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி. மிச்சம் இருந்தவள் ஒருத்திதான்.

"எல்லாரும் பாக்க, அவ மடியில தலைய வச்சா போகப் போறான்?" என்றார் அம்மா.

"டாக்டர் குலுங்கக் கூடாதுன்னுட்டாரு" என்றார் அப்பா.

"தலகாணின்னு ஒண்ணு இருக்கில்ல?"

தலையணை கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அட்டனை விட்டு வந்த முதல் பெரிய வளைவிலேயே அது சீட்டுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. தானாக உருண்டதா என்று நான் கேட்கவில்லை. கொழும்பு வரைக்கும் அவள் மடியில்தான் படுத்திருந்தேன். இரண்டு உள்ளங்கையாலும் என் தலையை, பால் நிறைந்த பாத்திரத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள். கண் போய்விடுமோ என்று ஒரு பக்கம் உயிர் துடித்தது. இன்னொரு பக்கம், நாவலப்பிட்டி ஸ்டேஷன் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்றும் இருந்தது.

கொழும்புக் கண் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சீமையில் படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்தவர். அவர் எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார்.

"தம்பி, கண்ணுக்குப் பின்பக்கம் உள்ளுக்கை ஒரு மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்வையே அதிலைதான். உமக்கு அதிலை மேல்பக்கமா ஒரு கிழிசல் விழுந்து, அதுக்குள்ளாலை தண்ணி பூந்து, சவ்வு சுவரை விட்டுக் கழண்டு வருகுது. கிட்டப் பார்வைக்காரருக்கு இது கூடுதலா வரும்."

கோட்டுக்குள் தைத்த லைனிங் பிய்ந்து தொங்குகிற மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். மேல் பக்கம் கழன்றால் கீழ் பக்கம் ஏன் மறைகிறது என்று கேட்டேன். கண்ணுக்குள் எல்லாம் தலைகீழாகத்தான் விழும் என்றார். அது எனக்கு இன்னொரு புதுக் கவலை.

"சரியாகுமாங்க ஐயா?"

"முந்தியெண்டால் சும்மா படுத்திரும் எண்டு சொல்லுறதைத் தவிர எங்களுக்கு ஒரு வழியும் இல்லை. இப்ப கிழிசலைச் சுத்திச் சூடு வைச்சு ஒட்டப் பண்ணலாம். ஒட்டினால் பார்வை வரும். ஒட்டாட்டி இருக்கிறதும் போகும். ஒட்டினாலும் பழைய மாதிரி முழுக்க வரும் எண்டு நான் சொல்லமாட்டன்."

இருக்கிற ஒற்றைக் கண். அவள்தான் பதில் சொன்னாள். "வைங்க ஐயா."

சூடு வைப்பது கரண்டில். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, ஊசி போட்டு மரக்க வைத்தார்கள். வலி இல்லை, ஆனால் நினைவு முழுதாக இருந்தது. என்னைப் போன்றவனுக்கு அது நல்லதல்ல.

"ஐயா, நடுவுல கரண்டு நின்னு போனா?"

"நானும் நீரும் சேர்ந்து அது வருமட்டும் காத்திருப்பம். இப்ப கதையாதையும்."

அதற்குப் பிறகுதான் உண்மையான வைத்தியம் ஆரம்பித்தது. இரண்டு கண்ணிலும் கட்டு. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை. மல்லாந்து படுத்தபடி வாரக் கணக்கில் கிடக்க வேண்டும். திரும்பக் கூடாது, இருமக் கூடாது, தும்மக் கூடாது, முக்கக் கூடாது. நர்ஸ் மிஸ்ஸி ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "சிரிக்கவும் கூடாது" என்றார். அது ஒன்றும் கஷ்டம் இல்லை என்று நினைத்தேன். நான் எப்போது சிரித்தேன்?

அந்த அறையில் இரண்டு கட்டில். மற்றக் கட்டிலில் தலவாக்கலையில் கருவாடும் பலசரக்கும் விற்கிற முஸ்லிம் முதலாளி ஒருவர். கண்புரை எடுத்துவிட்டு அவரும் என்னைப் போலவே கண்களைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். அண்ணன் முறை வைத்து அவரை நாங்கள் 'நானா' என்று கூப்பிட்டோம். எனக்குக் கஞ்சி ஊட்ட ஆள் வேண்டும் என்பதால் பகலெல்லாம் என் மனைவி அங்கே இருக்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார். சாயந்திரமானால் கொட்டாஞ்சேனையில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போவாள்.

அங்கே மாமனார் இல்லை, மாமியார் இல்லை. இருந்த இரண்டு ஆண்களுக்கும் கண் இல்லை. அவள் பேச ஆரம்பித்தாள்.

அம்மாடி, என்ன பேச்சு! வட்டகொடையில் தன் அப்பா கடைக்கு வந்து போனவர்களை எல்லாம் அந்த அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். மூக்கால் பேசும் ஸ்டேஷன் மாஸ்டர், விடியலில் பெரட்டுக்களத்தில் தோட்டத்து ஆட்களைப் பேர் கூப்பிடுகிற கங்காணி, கடன் கேட்க வந்து வீட்டு வரலாறு முழுவதையும் சொல்லும் கிழவர். ஒவ்வொருவரும் அவரவர் குரலிலேயே வந்தார்கள். "இந்தா வாயத் தொறங்க" என்று ஒரு கரண்டி கஞ்சி, அடுத்து ஒரு கங்காணி, மறுபடியும் கஞ்சி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

"தங்கச்சி, கொஞ்சம் நிப்பாட்டுங்க. எனக்கு வகுறு குலுங்குது. டாக்டர் ஏசுவார்" என்று கெஞ்சுவார் நானா. அவள் நிறுத்தினால், "அதுக்குப் பொறகு அந்த மனுசன் என்னத்த செஞ்ச? செல்லுங்களே" என்று அவரே கேட்பார்.

ஒரு நாள் மத்தியானம் கஞ்சி எடுத்து வருகிறேன் என்று போனாள். கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கமிருந்து அம்மாவின் குரல்.

"ஏண்டா இப்பிடி மெலிஞ்சு போய்ட்ட? இவ ஒழுங்கா ஊட்டி விடுறாளா, இல்ல அவளே குடிச்சுர்றாளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா! எப்ப வந்தீங்க? கோச்சியில வாந்தி எடுக்கலியா?"

"எடுக்காமெ? நாவலப்பிட்டியில எறங்கி நிதானமா எடுத்துட்டுத்தான் ஏறினேன். அந்தத் தலகாணி எங்கடா?"

"அது... கோச்சியில விட்டுட்டு வந்துட்டோம்மா."

"விட்டீங்களா, விடப் பாத்தீங்களா? சரி, மருமக எப்பிடி? வாய் சாஸ்தியாமே?"

"கொஞ்சம் சாஸ்திதாம்மா. ஆனா நல்லாப் பாத்துக்குறா."

"அழகா இருக்காளா?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டிலிலிருந்து நானா மெல்லச் சொன்னார்.

"தம்பி, யோசிச்சுப் பதில் செல்லுங்க. எனக்கும் கண் தெரியாதுதான். ஆனா ஒங்கட உம்மா வந்திருந்தா, எனக்கும் ஒரு சலாம் செல்லியிருப்பாங்க."

அவ்வளவுதான். வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கினேன், அடங்கவில்லை. கட்டில் கிரீச்சிட்டது, ஒரு பக்கத்து மணல் பை பொத்தென்று கீழே விழுந்தது. நானா "யா அல்லா, யா அல்லா" என்று தலையணையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போதுதான், அம்மாவின் குரல் வந்த அதே வாசலிலிருந்து, அவள் சிரிப்பை முதன்முதலாகக் கேட்டேன். சோளம் பொரிகிற மாதிரிப் பொலபொலவென்று உதிரும் சிரிப்பு.

சிரிப்புக்கு நடுவில் கட்டுக்குள் பளிச்சென்று ஒரு மின்னல்.

எல்லாம் நின்றுபோனது. சவ்வு கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். "போச்சு. மின்னிருச்சு. ஒனக்கு வெளையாட்டா? இருக்குறது ஒத்தக் கண்ணு!" என்று கத்திவிட்டேன். வளையல் ஒரு தடவை அசைந்தது. கீழே விழுந்த மணல் பையை எடுத்து என் காதோரம் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு கட்டு அவிழ்க்கும் நாள் வரை அவள் வாய் திறக்கவில்லை. கரண்டி உதட்டில் படும், கஞ்சி வரும், துணி வந்து துடைக்கும். கங்காணியும் இல்லை, ஸ்டேஷன் மாஸ்டரும் இல்லை. "தங்கச்சி, ஒங்கட மாமியார் இன்டைக்கி வரல்லியா?" என்று நானா கேட்டுப் பார்த்தார். "இல்லீங்க நானா" என்று மட்டும் சொன்னாள். கட்டுக்குள் இருந்த இருட்டு எனக்குப் பழகியிருந்தது. அந்த மௌனம்தான் பழகவில்லை. கண் போயிருந்தால், இனி எனக்கு இருக்கப்போவது குரல் மட்டும்தானே, அதையும் அடைத்துவிட்டேனே என்று, கவலைக்கு மேல் கவலையாகக் கிடந்தேன்.

டாக்டர் வந்து கட்டை அவிழ்த்தார். லைட்டை அடித்து நெடுநேரம் பார்த்தார். மேலே பார், கீழே பார் என்றார். அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது. நான் மூச்சு விடவே இல்லை.

"ஒட்டியிருக்கு" என்றார்.

"ஐயா, நான் ஒரு நாளு சிரிச்சுட்டேன். மின்னுச்சு."

"மின்னும். இன்னும் கொஞ்ச நாளைக்கு இடைக்கிடை மின்னும். ஒட்டினது ஒட்டினதுதான்."

வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. "இனிமே அவங்க சிரிக்கலாங்களா ஐயா?"

"சிரிக்கலாம். தலையை ஆட்டாமச் சிரிக்கப் பழகவேணும்."

டாக்டர் என் பழைய கண்ணாடியை மாட்டிவிட்டு விரல்களைக் காட்டினார். எண்ணினேன். அவருடைய கழுத்துப் பட்டியின் நீலம் தெரிந்தது. நானாவின் மருதாணி பூசிய தாடி தெரிந்தது. இத்தனை நாள் பேசிப் பழகிய மனிதருக்கு இவ்வளவு சிவப்பான தாடி இருந்திருக்கிறது. ஜன்னல் கம்பிகள் மட்டும் வளைந்திருந்தன. சொன்னேன்.

"கம்பி வளையேல்லை. சவ்விலை சின்னச் சுருக்கம் விழுந்திருக்கு. கொஞ்சம் சரியாகும். கீழ்ப்பக்கத்து மங்கல் கொஞ்சம் போகும், கொஞ்சம் நிக்கும். பொடி எழுத்து வாசிக்கக் கஷ்டப்படுவீர்."

பொடி எழுத்தை நான் எப்போது வாசித்தேன்? மனதுக்குள் வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளைக் கிட்ட வரச் சொன்னேன். வந்து நின்றாள். பட்டப்பகலில், நாலு பேர் முன்னால், அவள் முகத்தை நேருக்கு நேராக நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மூக்கு கொஞ்சம் கோணலாத் தெரியுது" என்றேன்.

"அது முந்தியே அப்பிடித்தான். நீங்கதான் இத்தன நாளா பாக்கல."

நானா சிரித்தார், டாக்டர் சிரித்தார். நான் தலையை ஆட்டாமல் சிரித்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது கறுப்புக் கண்ணாடி ஒன்று கொடுத்தார்கள். முழுக்கக் கறுப்பு, நடுவில் சின்னதாக ஒரு துவாரம். கண்ணை உருட்டக் கூடாது என்பதற்காக. நேர் எதிரே காசளவு உலகம் மட்டும் தெரியும். அட்டன் ஸ்டேஷனில் இறங்கிய உடனேயே படியில் தடுக்கினேன். அவள் என் கையைப் பிடித்தாள். பிடித்தபடியே கடைவீதிக்குள் கூட்டிவந்தாள். பின்னால் நாலு அடி தள்ளி வர வேண்டியவள், முன்னால் அரை அடியில் நடந்தாள். அந்தக் காலத்தில் அட்டன் பசாரில் அப்படி யாரும் நடந்து நான் பார்த்ததில்லை.

"யாராச்சும் பாக்குறாங்களா?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான் பாக்குறாங்க. ரொட்டிக்கடைக்காரரு மாவுக் கையோட வெளிய வந்து நிக்கிறாரு."

"அம்மா?"

"அத்த வாசல்ல நிக்கிறாங்க."

"கைய விடு, கைய விடு!"

"விட்டா வாய்க்கால்ல விழுவீங்க. மறுபடியும் கொழும்பு, மறுபடியும் கஞ்சி. பரவால்லியா?"

அம்மாவின் முகம் கண்ணாடித் துவாரத்துக்குள் வந்தது. எங்கள் கையைப் பார்த்தார். என் கண்ணாடியைப் பார்த்தார். "வாசப்படி ஒசரம். கெட்டியாப் புடிச்சுக் கூட்டியா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மறு நிமிஷமே உள்ளேயிருந்து "தலகாணி எங்க?" என்று குரல் வந்தது. என் கைக்குள் அவள் விரல்கள் குலுங்கின.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார். என் பழைய சோடாப் போத்தல் கண்ணாடிக்கே திரும்பினேன். கடையில் நிறம் தெரிந்தது, ஆள் தெரிந்தது. கெஜக்கோலின் நடுவில் மட்டும் ஒரு வளைவு இருந்துகொண்டே இருந்தது. கீழே ஒரு மெல்லிய மல் துணி விரித்தாற்போல மங்கலும் நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

அந்த முதல் வாரத்திலேயே கோயிலுக்குப் புறப்பட்டோம். வாசலில் இறங்கியதும் அவள் வழக்கம் போல என் கையைப் பிடித்தாள். பிறகு நினைவு வந்து நின்றாள்.

"இப்ப தரை தெரியுதா?"

குனிந்து பார்த்தேன். கல் தெரிந்தது, காய்ந்த வெற்றிலைத் துப்பல் தெரிந்தது, என் செருப்பின் நுனி தெரிந்தது.

"தெரியுது" என்றேன்.

"அப்பப் பாத்து நடங்க" என்றாள். கையை விடவில்லை.